ஞாயிற்றுக்கிழமைப் பதநீர்

ஞாயிற்றுக்கிழமை பனையேறுவது பாவம் என்று நான் பிரசங்கித்த நாட்களில், ஞாயிற்றுக்கிழமை இறக்கிய பதநீரைக் குடித்துவிட்டுத்தான் பிரசங்கம் செய்யப் போனேன். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சொல்ல வேண்டிய நாளில், கேட்க வேண்டியவர்கள் முன்னால் இதை ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். அன்று சொல்லாததால் இன்று இத்தனை தாள் தேவைப்படுகிறது.

இந்த நூற்றாண்டு பிறந்து எட்டொன்பது வருஷம் ஆகியிருக்கும். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியிலும், பிறகு உபாத்தியாயர் பயிற்சியிலும் படித்து முடித்த என்னை, சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரி என்னும் செம்மணல் மேட்டின் ஓரத்தில் இருந்த ஒரு சிற்றூருக்கு உபதேசியாராக அனுப்பினார்கள். உபதேசியார் என்றால் வாரநாட்களில் பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கி. மாதம் ஒருமுறை குருவானவர் மாட்டுவண்டியில் வந்து அப்பமும் ரசமுமான திருவிருந்தைக் கொடுத்துவிட்டுப் போவார். அவரை நாங்கள் ஐயர் என்போம். மற்ற நாட்களில் சபைக்கு எல்லாம் நான்தான். எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை.

ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நாற்பது இருக்கும். எல்லாரும் பனையேறிகள். மாசியில் பாளை விட ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் அவர்களுக்குத் தரையில் நிற்க நேரமில்லை. பாளையின் நுனியைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவிவிட்டால்தான் நீர் சொட்டும். ஒருநாள் சீவாவிட்டால் வெட்டிய வாய் காய்ந்துவிடும், நாலு நாள் விட்டால் அந்தப் பாளை போனதுதான். இது பனையின் சுபாவம். ஆகவே அந்தச் சபையில் எனக்கு முன்பே ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் விடியுமுன் ஏறுவார்கள். ஆனால் அன்றைக்கு இறக்கும் பதநீரில் ஒரு துளியும் வீட்டுக்குப் போகாது. கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த பொதுக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கிக் கோயிலுக்கே கொடுத்துவிடுவார்கள். வேலை செய்த கையோடு குளித்து, மணியடித்ததும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரோ யோசித்து, மனிதர்மேல் இரக்கப்பட்டு ஏற்படுத்தியது என்று இப்போது தெரிகிறது.

அப்போது எனக்கு அது அரைகுறையாகத் தெரிந்தது. ஓய்வுநாளில் வேலை கூடாது என்ற வேதக் கட்டளையில் பனைமரத்துக்கு மட்டும் விலக்கு ஏது என்று கேட்டேன். கர்த்தருடைய நாளைத் திருடிக் கர்த்தருக்கே கொடுப்பதா என்றுகூடச் சொன்னேன். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்பு நாட்களின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆண்களை நிறுத்திவைத்து, இனிமேல் ஞாயிற்றுக்கிழமை ஒரு மரமும் ஏறுவதில்லை என்று கர்த்தர் முன் சத்தியமாகப் பொருத்தனை செய்யச் சொன்னேன்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பனையேறி எழுந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெஞ்செல்லாம் மரம் உரசிக் காய்த்துப்போன ஆள். மரத்தின் உச்சியிலிருந்து கீர்த்தனை பாடுவார். ராகம் ஒருபக்கம் போகும், அவர் ஒருபக்கம் போவார். எழுத்து தெரியாது, ஆனால் ஞானோபதேசக் கேள்வி பதில் முழுவதும் மனப்பாடம். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

“உபதேசியாரே, ஒரு சந்தேகம்” என்றார். “நமக்கெல்லாம் ஞானஸ்நானம் ஆயிட்டு, ஞாயித்துக்கிழமை தெரியுது. பனைக்கு இன்னும் ஆவலியே. அதுக்கு யாரு போயிச் சொல்லுதது?”

கோயில் முழுக்கச் சிரித்தது. “ஏலே, பனைக்கு முழுக்கு ஞானஸ்நானமா, தெளிப்பு ஞானஸ்நானமாலே?” என்று ஒருவன் கேட்க, இன்னும் சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. “அண்ணாச்சி, இது நகைக்கிற இடமில்லை. பிழைப்புப் பெரிசா, கர்த்தர் பெரியவரா என்று மட்டும் சொல்லுங்கள்” என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “அப்படிக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? கர்த்தருதான் பெரியவரு” என்றார். முதலில் கை தூக்கியவரும் அவர்தான். மற்றவர்கள் அவரைப் பார்த்துத் தூக்கினார்கள்.

பொதுக் கொப்பரையைக் கவிழ்த்து வைத்தோம். ஐயருக்கு எழுதினேன், அவர் வெள்ளைக்கார மிஷன் துரைக்கு எழுதினார். ஞாயிற்றுக்கிழமை ஒரு பனையும் ஏறாத சபை என்று சுற்று வட்டாரத்தில் பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கட்டிய கலயத்தைத் திங்கட்கிழமை காலையில் இறக்கினால், என்னதான் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் உள்ளே புளித்துக் கள்ளாகியிருக்கும். அதைக் கொட்டச் சொன்னேன். சிலர் தரையில் கொட்டினார்கள், சிலர் வயிற்றில் கொட்டினார்கள். பத்து வருஷமாகக் கள்ளைத் தொடாதிருந்த ஊரில் திங்கட்கிழமை தோறும் இரண்டு பேர் தள்ளாடினார்கள். அதையும் அவர்களுடைய பாவக்கணக்கில்தான் சேர்த்தேன்.

அந்த வருஷ வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நீர்க்கடுப்பும் வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டன. சாத்தான்குளத்திலிருந்து வந்த நாட்டு வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பொழுது விடியுமுன் இறக்கின பதநீர் ஒரு செம்பு, வெறும் வயிற்றில், நாற்பது நாள் விடாமல் குடிக்க வேண்டும் என்றார். ஒருநாள் விட்டாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்றார்.

என் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் ஒரு பனை நின்றது. அது அந்தப் பனையேறி பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்திருந்த மரம். அவர் மனைவியிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் முதல் பொழுது புலரும்போது புறவாசல் படியில் ஒரு பித்தளைச் செம்பு, மேலே பனையோலை மூடி. குடித்துவிட்டுச் செம்பைக் கழுவி அங்கேயே வைப்பேன். சாயங்காலம் அந்த அம்மாள் எடுத்துப்போவார்.

ஞாயிற்றுக்கிழமை செம்பு வரவில்லை. திங்கட்கிழமை அந்த அம்மாள் வந்தபோது, “நேற்று வரவில்லையே, அக்கா?” என்று கேட்டேன்.

“நேத்து ஞாயித்துக்கிழமைல்லா ஐயா” என்றார்.

“வைத்தியர் ஒருநாளும் விடாமல் குடிக்கச் சொல்லியிருக்கிறார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அவ்வளவுதான் பேசியது. ஏறச் சொல்லவில்லை. ஏற வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, நோயாளியின் மறதி அது என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். பொய். யோசித்தேன். யோசித்துத்தான் சட்டென்று உள்ளே போனேன். அங்கே நின்றிருந்தால் அந்த அம்மாள் இன்னொரு கேள்வி கேட்டிருப்பார், நான் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செம்பு வந்திருந்தது. எடுத்துக் குடித்தேன். இனிப்பாக இருந்தது. முகம் கழுவிக்கொண்டு போய் மணியடித்தேன். அன்றைக்கு எந்த வசனத்தைப் பேசினேன் என்பது மறந்துவிட்டது. நன்றாகப் பேசினேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பின்வரிசையில் அவர் உட்கார்ந்து தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்காக ஒரே ஒரு மரம் ஏறிவிட்டு, தன் சொந்த மரங்களைக் காய விட்டுவிட்டு, என் பிரசங்கத்தைக் கேட்க வந்திருந்தார். அவர் முகத்தில் எந்தக் கேலியும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு உறைத்திருக்கும்.

இப்படி நாலு ஞாயிறு. ஐந்தாவது ஞாயிறு காலை, கோயில் மூப்பர் ஒருவர் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஆராதனைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் நடந்து வந்தவர், நேரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

“உபதேசியாரே, இந்த அக்கிரமத்தப் பாத்தீரா? கிணத்தடிப் பனையில இருந்து ஒருத்தன் பைய இறங்கிப் போறான் வே! உம்ம வீட்டுக்குப் பின்னாலயே! உமக்குத் தெரியாதா?”

புறவாசலில் செம்பு இருந்தது. மூப்பர் நின்ற இடத்திலிருந்து பத்தடி. நான் இன்னும் குடிக்கவில்லை.

“தெரியாது” என்றேன்.

அவர் போன பிறகு அந்தப் பதநீரைக் குடித்தேனா, கொட்டினேனா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். குடித்தேன். நாற்பது நாள் கணக்கு கெட்டுப்போகக் கூடாதல்லவா?

மாதக் கடைசியில் ஐயர் வந்தார். சபைக் கமிட்டி கோயிலுக்குள் பாய் விரித்துக் கூடியது. ஐயர் மட்டும் நாற்காலியில். நான் காரியதரிசி, நடவடிக்கைப் புத்தகத்தை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மாதத்தில்தான் ஐயர் என்னைக் குருத்துவப் படிப்புக்குச் சிபாரிசு செய்து பாளையங்கோட்டைக்குக் கடிதம் அனுப்ப இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பொருத்தனை அந்தக் கடிதத்தின் முதல் வரியில் இருந்தது. எனக்குப் படித்துக் காட்டியிருந்தார்.

பனையேறியைக் கூப்பிட்டார்கள். வேட்டி துவைத்துக் கட்டி, தோளில் துண்டோடு வந்து நின்றார். துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஞாயிற்றுக்கிழமை பனை ஏறினீரா?” என்று ஐயர் கேட்டார்.

“ஏறுனேன், ஐயா.”

“எத்தனை மரம்?”

“ஒரு மரந்தான்.”

மூப்பர் இடையில் புகுந்தார். “ஒரு மரத்துக்கா வே சத்தியத்த விட்டீரு? ஏறுததுதான் ஏறுதீரு, பத்து மரம் ஏறியிருந்தா பொண்ணு கல்யாணத்துக்காவது ஆகியிருக்கும்லா!”

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“எதுக்காக ஏறினீர்?” என்றார் ஐயர்.

“குடிக்க வேண்டியிருந்துச்சு.”

“யார் குடிக்க?”

அப்போது அவர் என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. வகுப்பில் ஒரு பையன் பதில் சொல்லத் தடுமாறும்போது நான் பொறுமையாகப் பார்ப்பேனே, அப்படி. நேரம் கொடுத்தார். நான் எழுதுகோலை மைக்கூட்டில் தோய்த்தேன். தோய்க்கத் தேவை இல்லை, நுனியில் மை இருந்தது.

“சீக்குக்காரருக்கு” என்றார் அவர், என்னைப் பார்த்தபடியே.

“உம்முடைய வீட்டில் யாருக்கும் நோய் இல்லை என்று மூப்பர் சொல்கிறாரே?”

அவர் துண்டை மடித்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

ஐயர் நல்லவர், அவசரக்காரர் அல்ல. என் பக்கம் திரும்பி, “உபதேசியாருக்கு இந்த விஷயத்தில் ஏதாவது சொல்ல இருக்கிறதா?” என்று கேட்டார். வேறெந்த மனிதனுக்கும் கதவு இவ்வளவு அகலமாகத் திறந்திருக்காது.

“இல்லை, ஐயா” என்றேன்.

நடவடிக்கைப் புத்தகத்தில் என் கையால் எழுதினேன்: பொருத்தனையை மீறி ஏறியதை ஒத்துக்கொண்டார், தகுந்த காரணம் சொல்லவில்லை, சபை முன்னால் நின்று தன் தப்புக்கு மனம் வருந்தி மனஸ்தாபம் தெரிவிக்கும்வரை திருவிருந்திலிருந்து விலக்கப்படுகிறார். என் கையெழுத்து அழகானது. பயிற்சிப் பள்ளியில் அதற்குப் பரிசு வாங்கியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி புறவாசலில் வந்து நின்றார். ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

“செம்பக் குடுங்க, ஐயா” என்றார். கொடுத்தேன். கழுவியிருந்த செம்பைக் கிணற்றடியில் மறுபடி ஒருதரம் கழுவி எடுத்துக்கொண்டு போனார்.

பனையேறி மனஸ்தாபம் தெரிவிக்கவில்லை. நாலு மாதத்தில் அவர் மகளின் கல்யாணம் நடக்க வேண்டியது. ஏரல் பக்கத்தில், ஆற்றங்கரை ஊரில் மாப்பிள்ளை. எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிக்க வேண்டும், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை உண்டானால் சொல்லுங்கள் என்று. தகப்பன் விலக்கத்தில் இருந்தால் அந்த வீட்டு ஓலையை வாசிப்பதில்லை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அவர் கோயிலில் நின்று ‘தப்புப் பண்ணினேன்’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் ஓலை வாசிக்கப்படும். மகளுக்காக அவர் சொல்லிவிடுவார் என்று நான் நம்பினேன். அவர் சொல்லிவிட்டால் என் பாரமும் இறங்கிவிடும் என்று ஜெபம்கூடச் செய்தேன். என் பொய்யை அவர் வாயால் உண்மையாக்கித் தரும்படி கடவுளிடம் கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவரைத் தேடிப்போய், “அண்ணாச்சி, பிள்ளைக்காகவாவது சொல்லிவிடுங்கள். சின்ன வார்த்தைதானே” என்றேன்.

அவர் பாளை அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “சின்ன வார்த்ததான். அதான் நீரும் சொல்லிப்போடலாமேன்னு பாக்கேன்” என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டு விசாரித்தார்கள். விலக்கத்து வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று நின்றுவிட்டது. அடுத்த பருவத்துக்குள் அவர் மரங்களை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மேற்கே போய்விட்டார். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் வயல்வேலைக்கு என்று சொன்னார்கள். அதே மாதம் நான் படிப்புக்காகப் பாளையங்கோட்டைக்குப் போனேன். வழியனுப்ப ஊரே வந்தது.

அதன்பின் என் வாழ்க்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று பிறர் சொல்வார்கள். அது பெரும்பாலும் உண்மையே. விடியற்காலை ஜெபத்தை ஒருநாளும் விட்டதில்லை. கையூட்டு வாங்கவில்லை. விதவைகளின் வழக்குகளுக்காகக் கோர்ட்டுக் கச்சேரிப் படிகளில் கால்கடுக்க நின்றிருக்கிறேன். கிறிஸ்தவ வாழ்வு ஒருநாள் எடுக்கும் முடிவல்ல, சாகிறவரை தினமும் நடக்கிற நடை என்று நூறு முறை பேசியிருப்பேன். இவற்றை நடிப்பாகச் செய்யவில்லை. அதுதான் எனக்கே புரியாதது. முழுப் பொய்யனாக இருந்திருந்தால் என்றைக்காவது ஒருநாள் பிடிபட்டிருப்பேன். மற்ற எல்லாவற்றிலும் ஒழுங்காக இருந்ததனால் இந்த ஒன்றைச் சுலபமாகக் கடந்துபோக முடிந்தது. மனசாட்சி இதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் மற்றவற்றை எடுத்துக் காட்டுவேன். அதுவும் பார்த்துவிட்டுப் போய்விடும்.

ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நான் அதற்குள் குருப்பட்டம் பெற்று அம்பாசமுத்திரம் பக்கத்தில் வேலைக்கு வந்திருந்தேன். ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளியைப் பார்வையிடப் போனபோது, விசாரித்து அவர் இருந்த இடத்துக்குப் போனேன். வேண்டுமென்றே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். எங்கள் கோயிலுக்குப் போவதில்லை என்று கேள்விப்பட்டிருந்ததால், வயலில் இருப்பார் என்று எண்ணினேன். அப்படி இருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

குடிசை வாசலில் துவைத்த வேட்டியோடு சும்மா உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நாற்று நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

“வேலைக்குப் போகவில்லையா, அண்ணாச்சி?” என்றேன். வேறென்ன பேசுவது என்று தெரியவில்லை.

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்லா, உபதேசியாரே” என்றார். என் அங்கியைப் பார்த்தும் ஐயர் என்று அழைக்கவில்லை. “பண்ணையாருக்குக் கோவந்தான். ஏ கிழவா, உஞ்சாமி உன்ன உள்ளயே விடல, நீ அவருக்கு லீவு குடுக்கியான்னு கேக்காரு. கை தூக்கிட்டம்லா, என்ன செய்ய?”

ஏழெட்டு வருஷமாக அந்தப் பொருத்தனையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அதைச் செய்யச் சொன்ன ஊரில் அது எப்போதோ அழிந்துவிட்டது. எனக்குப் பின் வந்த உபதேசியார் இரண்டாம் வருஷமே கொப்பரையை நிமிர்த்திவிட்டாராம்.

மகள் உள்ளேயிருந்து வந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும், கையில் சேற்றுப்புண். அவள் வேறு நாட்களில் நடவுக்குப் போகிறவள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

“ஐயாவுக்குக் குடிக்க என்ன குடுக்கட்டும், அப்பா? இங்கன பனை இல்லியே” என்றாள்.

“ஏளா, சும்மா இரி” என்றார் அவர். அவள் உள்ளே போய் ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் அம்மா அங்கே வந்த மறுவருஷம் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று அவர் சொன்னார். பழைய சபையிலிருந்து கொண்டுவர வேண்டிய சபைக் கடிதம் இல்லாத குடும்பமாதலால் அடக்கத்துக்குக் கோயிலிலிருந்து யாரும் வரவில்லை. தனக்குத் தெரிந்த ஜெபங்களைத் தானே சொல்லி அடக்கம் பண்ணினாராம்.

நான் அழுதேன். என்னை மன்னிக்கும்படி கேட்டேன். அந்தச் சபைக் கடிதத்தை இப்போதே எழுதித் தருகிறேன், எனக்கு இப்போது அதிகாரம் இருக்கிறது, வருகிற மாதம் நீங்கள் இங்குள்ள கோயிலில் திருவிருந்து எடுக்கலாம் என்றேன்.

அவர் முகம் ஒரு கணம் மாறியது. அத்தனை வருஷமாக அவர் எதற்காகக் காத்திருந்தார் என்பதை அப்போதுதான் பார்த்தேன். திருவிருந்துக்கான பசி அது. நான் மாதந்தோறும் பழக்கத்தில் கொடுத்துக்கொண்டிருந்த அந்தச் சிறிய அப்பத்துண்டுக்காக ஒரு மனிதர் அப்படி ஏங்கி நான் பார்த்ததில்லை.

“கடுதாசியில என்ன எழுதுவீரு?” என்று கேட்டார்.

வழக்கமான வாசகத்தைச் சொன்னேன். இன்னார் தம் மீறுதலுக்காக மனஸ்தாபப்பட்டு ஒப்புரவானபடியால்...

“அங்கனதான் இடிக்குது” என்றார். “நான் மனஸ்தாபப்பட்டேன்னு எழுதணும்லா. சீக்குக்காரருக்கு ஒரு செம்பு பதனி இறக்குனதுக்கா? அதுக்கு நான் மனஸ்தாபப்பட்டா, நாளைக்கு மேல போயி எப்படி வே முழிக்க?”

“வேறு எப்படி எழுத?”

“எழுதவே வேண்டாம். எனக்கு உம்மேல ஒண்ணும் இல்ல. எம்பொண்டாட்டி சாவுறதுக்கு முந்தி நாங்க ரெண்டு பேரும் உம்ம மன்னிச்சாச்சு. அது முடிஞ்சுது. நீரு அந்த ஊருக்குப் போயி, அந்தக் கோயில்ல நின்னு, ஏறச் சொன்னது நாந்தான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாரும். மறுவாரமே நான் கோயிலுக்குப் போவேன். கடுதாசி கிடுதாசி ஒண்ணும் வேண்டாம்.”

போகிறேன் என்று சொன்னேன். அவர் கையைப் பிடித்துச் சொன்னேன்.

போகவும் செய்தேன். அடுத்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போனேன். பழைய உபதேசியார் ஐயராகி வந்திருக்கிறார் என்று தோரணம் கட்டியிருந்தார்கள். நான் படிப்புச் சொல்லிக்கொடுத்தவர்கள் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். அந்த மூப்பர் பல் போன வாயோடு என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பிரசங்க மேடையில் ஏறினேன். சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கில் இருந்தது. கீழே அத்தனை முகங்கள் என்னை நம்பி நிமிர்ந்திருந்தன.

பாவ அறிக்கையைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். நாம் எல்லாரும் பாவிகள் என்றேன். இங்கே நிற்கிற நானும் பாவி, பாவிகளில் பெரிய பாவி என்றேன். பிறர்மேல் நாம் சுமத்திய பாரங்களைப் பற்றிப் பேசினேன். என் குரல் உடைந்தது, அது பாசாங்கல்ல. பெண்கள் அழுதார்கள். மூப்பரும் அழுதார். அந்த மூப்பரிடம், அந்தக் காலையில் நீர் கேட்டபோது நான் பொய் சொன்னேன் என்று மட்டும் நான் சொல்லவில்லை. எல்லாரும் பாவிகள் என்று சொல்லிவிட்டால் எந்தப் பாவம் என்று யாரும் கேட்பதில்லை.

ஆராதனை முடிந்ததும் மூப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்களப் போல ஒரு பரிசுத்தவானே தன்னப் பாவின்னு சொல்லும்போது நாங்கல்லாம் எம்மாத்திரம், ஐயா?” என்றார். எனக்குக் கருப்பட்டிச் சிப்பம் ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வண்டி ஏறினேன்.

ஆழ்வார்குறிச்சிக்கு நான் திரும்பிப் போகவில்லை. என்ன சொல்லிப் போவது? கொஞ்ச காலம் கழித்து, இரண்டு ஊருக்கும் போய்வரும் கருப்பட்டி வியாபாரி ஒருவர் அம்பாசமுத்திரத்தில் என்னைப் பார்த்தார். நம்ம பழைய பனையேறி அண்ணாச்சியைப் பார்த்தேன் என்றார்.

“உபதேசியாரு அங்கன போனாராமே, என்ன சொன்னாருன்னு துருவித் துருவிக் கேட்டாரு, ஐயா. பிரசங்கம்னா பிரசங்கம், ஊரே அழுதுச்சுன்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லலியான்னு கேட்டாரு. வேற என்ன சொல்லணும்னேன். சரிடேன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு.”

சண்டை முடிந்த வருஷம் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் பரவியபோது அவரும் போய்விட்டார். கடைசி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகவில்லை, கோயிலுக்குள்ளும் போகவில்லை. மகள் மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாந்தாரமாகத் தென்காசிப் பக்கம் போனதாகக் கேள்வி. அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

போன வருஷம், எனக்குப் படுக்கையிலிருந்து எழுந்து நடக்க முடியாமல் ஆன பிறகு, இதையெல்லாம் ஒரு தாளில் சுருக்கி, அந்த ஊருக்கு இப்போது இருக்கும் ஐயருக்கு அனுப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இதை வாசிக்க வேண்டும் என்றும், நடவடிக்கைப் புத்தகத்தில் நான் எழுதிய தீர்மானத்தின் கீழே, ஏறச் சொன்னவர் உபதேசியாரே என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றும் கேட்டிருந்தேன்.

பதில் மரியாதையாக வந்தது. என் தாழ்மை அவரை மிகவும் தொட்டதாம். ஆனால் அந்தக் காலத்து மனிதர் எவரும் இப்போது சபையில் இல்லை, பழைய புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது. இப்போது இதை வாசித்தால் இளைஞர்களுக்கு இடறலாகும், ஊழியக்காரர்மேல் இருக்கும் மதிப்புக் குறையும், ஆண்டவரிடம் அறிக்கை செய்தாயிற்று என்றால் அது போதும் என்று எழுதியிருந்தார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. என்னிடம் படித்த பையன்தான். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பேன், கையெழுத்து மட்டும் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.